மீந்த பெயின்ட்டைக் காப்பது எப்படி?

திருப்பூரின் வடபகுதியில் உள்ள ஊர் நெருப்பெரிச்சல். பனியன் கம்பெனிகளும், தையல் கூடங்களும், பிரிண்டிங் பட்டறைகளும், அவற்றில் உழைப்போரின் வீடுகளும் நெருங்கி நிற்கும் பகுதி அது. பொங்கலுக்கு முந்திய வாரங்களில் அங்கும் மற்ற ஊர்களைப் போலவே பெயின்ட் வாடை வீசும். சுவருக்கு எமல்ஷன், கதவுக்கும் ஜன்னல் கம்பிக்கும் எனாமல், தேக்கு நாற்காலிக்கு ஒரு கை வார்னிஷ் என்று வேலை நடக்கும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு டப்பாவிலும் கால் பங்கோ அரைப் பங்கோ மீந்திருக்கும். அதை மூடிப் பரண்மேல் ஏற்றி விடுவோம்.

அடுத்த ஆண்டு அதை இறக்கித் திறந்தால் காணும் காட்சி யாவரும் அறிந்ததே. எனாமல் டப்பாவில் பாலேடு போன்ற தடித்த தோல். அதன்கீழ்க் கலங்கிய எண்ணெய். அடியில் கரண்டி இறங்காத கசண்டு. எமல்ஷன் டப்பாவிலிருந்து அழுகிய முட்டை நாற்றம். வார்னிஷ், கம்பி இழுக்கும் பாகு போல் ஆகியிருக்கும். நூற்றுக்கணக்கான ரூபாய்ப் பொருள் குப்பைக்குப் போகிறது.

இது தவிர்க்க முடியாத இழப்பா? அன்று. டப்பாவுக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிந்தால், மீந்ததில் பெரும்பகுதியைக் காத்துக்கொள்ளலாம். எதைக் காக்க முயலக் கூடாது என்பதும் விளங்கும். அதைவிட முக்கியமாக, மீந்த பெயின்ட்டுடன் பரணில் ஏறும் ஓர் ஆபத்தையும் தவிர்க்கலாம். பஞ்சும் துணியும் மலைபோல் குவிந்திருக்கும் ஊர்களில் அது சிறிய ஆபத்தன்று.

லாட் மாறினால் ஷேடு மாறும்

மீந்ததை ஏன் காக்க வேண்டும்? தேவைப்படும்போது புது டப்பா வாங்கிக்கொண்டால் என்ன? இக்கேள்விக்குப் பனியன் தொழிலாளர்கள் உடனே விடை சொல்லி விடுவார்கள். ஒரே நிறம், ஒரே சாயம், ஒரே சாயப்பட்டறை. ஆயினும் இரண்டு முறை தனித்தனியே சாயமேற்றிய துணிகளை ஒரே சட்டையில் சேர்த்துத் தைக்க மாட்டார்கள். ‘லாட்’ மாறினால் ‘ஷேடு’ மாறும். முன்பக்கம் ஒரு நிறமாகவும் கை ஒரு நிறமாகவும் தெரியும்.

பெயின்ட்டும் அப்படியே. கடையில் எந்திரம் கலந்து தரும் நிறத்திலும், ஆலையில் அடைத்து வரும் நிறத்திலும் தொகுதிக்குத் தொகுதி நுட்பமான வேறுபாடு இருக்கக்கூடும். சுவரின் நடுவில் ஆணி பிடுங்கிய இடத்தை மட்டும் சரிசெய்ய, அதே தொகுதியில் மீந்த கால் லிட்டர் புதிய டப்பாவைவிட மதிப்புள்ளது. எனவே டப்பாவை மூடும் முன் நிறத்தின் பெயர், எண், தொகுதி எண், பூசிய நாள், பூசிய இடம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட வேண்டும். மூடியில் எழுதுவதைவிடப் பக்கவாட்டில் ஒட்டுவது நல்லது. மூடிகள் இடம் மாறிவிடும்.

டப்பாவில் இருப்பது என்ன?

எந்தப் பெயின்ட்டிலும் மூன்று முக்கியப் பொருள்கள் உண்டு. நிறம் தருவதும் அடியிலுள்ளதை மறைப்பதும் நிறமி என்னும் நுண்துகள். வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு, காவிக்கு இரும்பு ஆக்சைடு என்பன போன்றவை. இத்துகள்களை ஒன்றோடொன்றும் பரப்போடும் ஒட்டவைப்பது பிணைப்பி. இவ்விரண்டையும் தூரிகையால் தேய்க்கும் அளவுக்கு இளக்கி வைப்பது கரைப்பான். எனாமலில் அது டர்பென்டைன் போன்ற எண்ணெய், எமல்ஷனில் தண்ணீர். வார்னிஷ் என்பது நிறமி இல்லாத பெயின்ட் என்று கொள்ளலாம்.

பூசிய பெயின்ட் ‘காய்ந்துவிட்டது’ என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் இந்த ஒரு சொல்லுக்குள் வெவ்வேறு நிகழ்ச்சிகள் மறைந்துள்ளன. அரக்குப் பாலிஷில் ஸ்பிரிட் ஆவியாகிறது, அரக்கு எஞ்சுகிறது, அவ்வளவுதான். மீண்டும் ஸ்பிரிட் பட்டால் அது கரையும். எனாமலில் கரைப்பான் ஆவியான பின்னும் வேலை முடிவதில்லை. பிணைப்பியிலுள்ள எண்ணெய், காற்றிலுள்ள ஆக்சிஜனை, அதாவது பிராணவாயுவை, உறிஞ்சுகிறது. எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலைபோல் பின்னிக்கொள்கின்றன. இவ்வலையை எந்த டர்பென்டைனாலும் மீண்டும் கரைக்க முடியாது. எமல்ஷனில் நீரில் மிதக்கும் பிளாஸ்டிக் துளிகள், நீர் வற்றியதும் நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இரண்டு டப்பாக்களைக் கலந்து பூசும் பி.யு. பாலிஷில் இரு பொருள்களும் தமக்குள் வினைபுரிந்து இறுகுகின்றன.

காக்கும் முறை இவ்வேறுபாட்டைப் பொறுத்தே அமைகிறது. ஆவியாவதால் காய்வதற்குக் கரைப்பான் வெளியேறாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆக்சிஜனால் இறுகுவதற்குக் காற்று உள்ளே புகாமல் தடுக்க வேண்டும். கலந்தபின் தானே இறுகுவதை எந்த மூடியாலும் காக்க முடியாது.

ஏடு எப்படிப் படிகிறது? ஒரு சிறு கணக்கு

ஒரு லிட்டர் டப்பாவில் அரை லிட்டர் எனாமல் மீந்திருப்பதாகக் கொள்வோம். மேற்பாதியில் அரை லிட்டர் காற்று. காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். எனவே டப்பாவில் சிறைப்பட்ட ஆக்சிஜன் 100 மில்லிலிட்டர்; அதன் எடை ஏறத்தாழ 0.13 கிராம். ஆளிவிதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய் இறுகும்போது தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்ட ஆக்சிஜனை ஏற்கிறது. ஆகவே 0.13 கிராம் ஆக்சிஜனால் சுமார் ஒரு கிராம் எண்ணெயைத்தான் இறுகச்செய்ய முடியும்.

டப்பாவின் குறுக்களவு 10 சென்டிமீட்டர் என்றால் பெயின்ட்டின் மேற்பரப்பு ஏறத்தாழ 80 சதுர சென்டிமீட்டர். ஒரு கிராம் எண்ணெய் அப்பரப்பில் பரவினால் அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. நாம் எழுதும் தாளைவிடச் சற்றே தடித்த ஏடு. பெயின்ட்டில் நிறமியும் பிறவும் கலந்திருப்பதால் இது ஓரளவு மிகலாம். ஆயினும் மில்லிமீட்டர் கணக்கில் தடிக்க வழியில்லை.

இக்கணக்கு மூன்று உண்மைகளைக் காட்டுகிறது. முதலாவது, டப்பாவைத் திறக்கும்போது செருப்புத் தோல் போன்ற ஏடு இருந்தால், உள்ளே இருந்த காற்று அதைச் செய்யவில்லை. மூடி சரியாகப் பொருந்தாமல் ஆண்டு முழுவதும் புதுக்காற்று புகுந்துகொண்டே இருந்திருக்கிறது. இரண்டாவது, ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் பெயின்ட்டுக்குப் புதிதாக ஒரு பங்கு ஆக்சிஜனை நாமே ஊட்டுகிறோம். மூன்றாவது, மேலுள்ள காற்றின் இடத்தைக் குறைத்தால் ஏடும் அந்த விகிதத்தில் குறையும். அந்த அரை லிட்டரை, 20 மில்லிலிட்டர் காற்றுக்கு மட்டுமே இடம் விடும் சிறு கலத்துக்கு மாற்றினால், ஏடு இருபத்தைந்தில் ஒரு பங்காகிவிடும்.

புதிய, திறக்காத டப்பாவிலும் சிறிது காற்று உண்டு. ஆயினும் அதில் ஏடு படிவதில்லை. காரணம், ஏடு தடுக்கும் பொருள் ஒன்றை உற்பத்தியாளர்கள் பல எனாமல்களில் சேர்க்கிறார்கள். எனாமலை விரைவில் காயச்செய்யக் கோபால்ட் போன்ற உலோக உப்புகள் அதில் உண்டு. ஏடு தடுக்கும் பொருள் டப்பாவுக்குள் அந்த உப்புகளைக் கட்டிப்போடுகிறது. கதவில் பூசியதும் அது ஆவியாகிவிட, உப்புகள் வேலையைத் தொடங்குகின்றன. டப்பாவை நாள் முழுவதும் திறந்து வைத்தால் இக்காவலன் டப்பாவிலிருந்தும் வெளியேறிவிடுகிறான். அனுபவமுள்ள பெயின்டர்கள் பெரிய டப்பாவிலிருந்து வேண்டிய அளவை மட்டும் சிறு டப்பாவில் ஊற்றிக்கொண்டு, பெரியதை உடனே மூடிவிடுவது இதனால்தான் பயன் தருகிறது.

காகம் காட்டிய வழி

குடத்தின் அடியில் கிடந்த நீரைக் கூழாங்கல் இட்டு மேலே கொண்டுவந்த காகத்தின் கதையைச் சிறு வகுப்பில் படித்திருப்போம். மீந்த வார்னிஷைக் காக்க அக்கதை அப்படியே உதவும். கழுவி, நன்கு காயவைத்த கண்ணாடிக் கோலிக்குண்டுகளை ஒவ்வொன்றாக இட்டு, வார்னிஷ் வாய்வரை வந்ததும் மூடிவிடலாம். காற்றுக்கு இடமே இராது. நிறமியுள்ள பெயின்ட்டுக்கு இது ஏற்றதன்று. குண்டுகளைக் கழுவுவதிலேயே பாதி பெயின்ட் போய்விடும். அதற்குச் சிறு கலத்துக்கு மாற்றுவதே எளிது.

கலத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். திருகு மூடியுள்ள கண்ணாடி ஜாடியோ, கடையில் கிடைக்கும் புதிய சிறு டின்னோ நல்லது. மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலைத் தின்னர் இளக்கிவிடக்கூடும். குளிர்பானப் பாட்டிலிலும் தண்ணீர்ப் பாட்டிலிலும் எக்காரணம் கொண்டும் ஊற்றி வைக்கக் கூடாது. தாகத்துடன் ஓடிவரும் குழந்தைக்கு டர்பென்டைனுக்கும் தண்ணீருக்கும் வேறுபாடு தெரியாது. அது தொண்டைக்குள் போனதைவிட நுரையீரலுக்குள் புகுந்தால் பெரும் தீங்கு.

மாற்றாமல் அதே டப்பாவில் வைப்பதானால், அதன் வாயைச் சுற்றியுள்ள பள்ளத்தைத் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். அதில் காய்ந்த பெயின்ட்தான் மூடியைப் பொருந்த விடாமல் செய்கிறது. பெயின்ட்டின் மேற்பரப்பைத் தொடும்படி ஒரு வட்டப் பாலிதீன் தாளைப் படியவைத்து, மூடியின்மேல் மரக்கட்டையை வைத்துச் சுற்றிலும் மெல்லத் தட்டி இறுக்க வேண்டும். சுத்தியலால் நேரே அடித்தால் மூடி நெளிந்துவிடும். எனாமலானால் அதன்மேல் ஒரு தேக்கரண்டி டர்பென்டைனைக் கலக்காமல் மெல்ல விட்டு மூடுவதும் உண்டு. மறுமுறை எடுக்கும்போது அதைக் கலக்கிக்கொள்ளலாம்.

டப்பாவுக்குள் வாயால் ஊதி உடனே மூடினால் ஏடு படியாது என்பர் சிலர். நாம் வெளிவிடும் மூச்சில் ஆக்சிஜன் முற்றிலும் தீர்ந்துவிடுவதில்லை. 21 விழுக்காடு 16 ஆகக் குறைகிறது, அவ்வளவே. கூடவே ஈரமும் சேர்ந்துவிடுகிறது. உள்ளே மெழுகுவத்தி ஏற்றி ஆக்சிஜனைத் தீர்க்கலாம் என்பது இதைவிடத் தவறு. ஆக்சிஜன் பாதியளவு குறைவதற்கு முன்பே சுடர் அணைந்துவிடும். அதற்குள் கரைப்பானின் ஆவி பற்றிக்கொண்டால் அணைப்பது டப்பாவை மட்டுமன்று.

அடியில் தங்கும் கசண்டு

டைட்டானியம் டை ஆக்சைடு தண்ணீரைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் கனமானது. இரும்பு ஆக்சைடு ஐந்து மடங்கு. இத்தகைய துகள்கள் நாளடைவில் அடியில் படிவது இயற்கை. படியும் வேகம் துகளின் குறுக்களவின் வர்க்கத்தைப் பொறுத்தது. துகள் இரு மடங்கு பெரிதானால் நான்கு மடங்கு விரைவில் படியும். ஆகவே தனித்தனியாக இருக்கும் மெல்லிய துகள்கள் மெதுவாகவும், ஒட்டித் திரண்டவை விரைவாகவும் இறங்குகின்றன. ரெட் ஆக்சைடு பிரைமர் விரைவில் அடி தங்குவது இதனால்தான்.

மாதம் ஒருமுறை டப்பாவைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் கசண்டு கல்லாகாது. மூடி இறுக்கமாக இருந்தால் மட்டுமே இதைச் செய்ய வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. ஏற்கெனவே தங்கிவிட்டதை மேலோடு கலக்கிப் பயனில்லை. மேலே நிற்கும் நீர்த்த பகுதியை வேறொரு டப்பாவில் வடித்துவிட்டு, அடியில் உள்ளதைத் தட்டையான குச்சியால் மசித்து, வடித்ததைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்க வேண்டும். ஏடு இருந்தால் அதைக் கலக்கிக் கரைக்க முயலக் கூடாது. அது கரையாத வலை என்பதை முன்பே கண்டோம். ஓரத்தைக் கத்தியால் வெட்டி முழுதாக எடுத்துவிட்டு, எஞ்சியதைப் பழைய நைலான் துணியில் வடிகட்டிக்கொள்ளலாம். பனியன் துணி வேண்டாம். அதன் பஞ்சு இழை பெயின்ட்டில் ஒட்டும்.

நன்றாகக் கலந்துவிட்டது என்பதால் பழைய எனாமலை உடனே கதவில் பூசிவிடக் கூடாது. நாட்பட்ட பெயின்ட்டில் காயவைக்கும் உப்புகளை நிறமித் துகள்களே ஈர்த்துக்கொண்டிருக்கும். அத்தகைய பெயின்ட் பூசிய கதவு நாள்கணக்கில் பிசுபிசுக்கும். ஒரு மரத்துண்டில் பூசி ஒரு நாள் பொறுத்துப் பார்த்து, காய்ந்தால் மட்டும் பயன்படுத்துவதே முறை.

எமல்ஷனின் பகைவர்கள்

எமல்ஷனுக்கு ஆக்சிஜன் பகையன்று, நுண்ணுயிர்கள்தாம் பகை. இப்பெயின்ட் குழைவாக இருப்பதற்காகச் செல்லுலோஸிலிருந்து பெறும் ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். தாவர நாரை உண்டு வாழப் பழகிய பாக்டீரியாக்களுக்கு இது விருந்து. அவை சுரக்கும் நொதி இப்பொருளைத் துண்டு துண்டாக வெட்டிவிட, குழைவான பெயின்ட் மோராக நீர்த்துவிடுகிறது. சில பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளிவிடுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதே. வாயு மிகுந்து மூடி உப்பி நிற்பதும் உண்டு.

ஆலையில் அடைக்கும்போதே கிருமித் தடுப்பான் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். பிறகு கிருமி எப்படி வந்தது? நாம் கொண்டுவந்ததுதான். மேல்தொட்டித் தண்ணீரை ஊற்றி இளக்கினோம். சுவரிலும் தரையிலும் பட்ட ரோலரை அதில் தோய்த்தோம். மாலையில் தட்டில் எஞ்சியதை மீண்டும் பெரிய டப்பாவிலேயே ஊற்றினோம். நீர் கலக்கக் கலக்கத் தடுப்பானின் வீரியம் குறைகிறது. கிருமியின் எண்ணிக்கை கூடுகிறது. ஆகவே எமல்ஷனைக் காப்பதன் முதல் விதி இதுதான்: தண்ணீர் கலந்ததை ஒருபோதும் மூல டப்பாவில் திரும்ப ஊற்றாதீர்கள். கலந்ததை இரண்டொரு நாளில் தீர்த்துவிட வேண்டும். டப்பாவில் உள்ளது சற்று இறுகிவிட்டால், கொதிக்கவைத்து ஆறிய நல்ல தண்ணீரை மிகச் சிறிதளவு சேர்க்கலாம்.

தண்ணீரின் தன்மையும் முக்கியம். எமல்ஷனின் துளிகள் ஒன்றையொன்று தள்ளும் மின்னூட்டத்தினால் ஒட்டாமல் மிதக்கின்றன. கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்த கடினநீர் இம்மின்னூட்டத்தைக் குலைத்துத் துளிகளைத் திரியச்செய்யக்கூடும். உப்புக் கிணற்று நீர் உள்ள ஊர்களில் பெயின்ட் கலக்கக் குடிநீரையே எடுப்பது நல்லது. இதே காரணத்தால், கெடாமலிருக்க உப்போ வினிகரோ போடும் வழக்கமும் தவறு. அது பெயின்ட்டை ஊறுகாயாக்காது, திரித்துவிடும். உதகை போன்ற மலையூர்களில் இன்னொரு கவலையும் உண்டு. டிசம்பர், ஜனவரி இரவுகளின் உறைபனியில் எமல்ஷன் உறைந்து உருகினால் கட்டி தட்டிவிடும். அதன்பின் எவ்வளவு கலக்கினாலும் பழைய நிலைக்கு வராது.

அரக்கும் புதிய பாலிஷ்களும்

மரச்சாமான்களுக்குப் பூசும் பிரெஞ்சு பாலிஷ், அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்வது. அரக்குப்பூச்சி பூவரசு இனத்ததன்று. பலாசு, குசும், இலந்தை போன்ற மரங்களின் கிளையில் வாழ்ந்து இதைச் சுரக்கிறது. நம் நாட்டில் ஜார்க்கண்ட் பகுதி இதற்குப் பெயர்பெற்றது. அரக்கு ஆராய்ச்சிக்கென ராஞ்சியில் 1924-இல் நிறுவிய ஆய்வு நிலையம் இப்பொருளைப் பற்றிய அறிவை வளர்த்தது.

அரக்குச் சீவலைக் குளிர்ந்த, ஈரமற்ற இடத்தில் நெடுநாள் வைக்கலாம். ஸ்பிரிட்டில் கரைத்துவிட்டாலோ கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. அரக்கிலுள்ள அமிலம் ஆல்கஹாலுடன் மெல்ல வினைபுரிந்து எஸ்டராக மாறுகிறது. வெளியே பார்க்க ஒரு மாற்றமும் தெரியாது. பூசிய பின்புதான் பாலிஷ் இறுகாமல் விரல் பட்டால் பதிவது தெரியும். எனவே கரைத்ததை ஆறு மாதத்துக்குமேல் நம்ப வேண்டாம். ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, மறுநாள் நகத்தால் கீறிப் பார்க்கலாம். கீறல் பொடியாக உதிர்ந்தால் நல்லது. மெழுகு போல் குழைந்தால் கொட்டிவிட வேண்டியதே. கரைத்த அரக்கைத் தகர டப்பாவில் வைக்கலாகாது; இரும்புடன் சேர்ந்து கறுத்துவிடும். கண்ணாடிப் பாட்டிலே ஏற்றது.

மெலமைன், பி.யு. பாலிஷ்களில் இரண்டு பகுதிகளையும் கலந்துவிட்டால் எஞ்சியதைக் காக்க இயலாது. அன்றைய வேலைக்கு வேண்டியதை மட்டும் அளந்து கலக்க வேண்டும். கலக்காத பகுதிகளைத் தனித்தனியே மூடி வைக்கலாம். பி.யு.வின் இறுக்கிக்கு ஈரமே எமன். காற்றின் ஈரத்துடன் வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளிவிட்டு அது கட்டியாகிவிடும். மழைக்காலத்தில் அதன் மூடியைத் திறந்துபோட்டு வேலை செய்வது பணத்தைத் திறந்துபோடுவதாகும்.

பனியனில் படம் அச்சிடும் பட்டறைகளிலும் இதே அறிவியல்தான். பிக்மென்ட் பேஸ்ட் என்பது நிறமியும் பிளாஸ்டிக் துளிகளும் நீரும் சேர்ந்த எமல்ஷனின் உறவினரே. மீந்ததன்மேல் பாலிதீன் தாளைப் படியவைத்து மூடினால் மேற்பரப்பு காயாமல் இருக்கும். பிக்சர் கலந்துவிட்டதை மட்டும் அன்றே தீர்த்துவிட வேண்டும். அது இரு பகுதிப் பாலிஷின் வகையைச் சேர்ந்தது.

தானே பற்றும் துணி

இனி அந்த ஆபத்துக்கு வருவோம். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் வெட்டி எஞ்சும் துண்டுத் துணி ‘வேஸ்ட்’ என்ற பெயரில் மெக்கானிக் பட்டறைகளுக்கும் பெயின்டர்களுக்கும் தச்சர்களுக்கும் கை துடைக்கப் போகிறது. பருத்தித் துணி எண்ணெயை நன்றாக உறிஞ்சும் என்பதே அதன் சிறப்பு. அதே சிறப்புத்தான் ஆபத்தும் ஆகிறது.

ஆளிவிதை எண்ணெய் ஆக்சிஜனை ஏற்கும்போது வெப்பம் வெளிப்படுகிறது. கதவில் பூசிய எண்ணெயின் வெப்பம் காற்றில் கலந்துவிடும், நமக்குத் தெரியாது. அதே எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் குவித்தால் நிலை வேறு. துணியின் ஆயிரக்கணக்கான இழைகளில் எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவுவதால் ஆக்சிஜனைத் தொடும் பரப்பு மிகப் பெரிது. இழைகளுக்கு இடையே காற்றும் உண்டு. ஆனால் குவியலின் நடுவிலுள்ள வெப்பம் வெளியேற வழியில்லை. பஞ்சு மெத்தை நம் உடற்சூட்டைக் காப்பதுபோல் அது வெப்பத்தைக் காக்கிறது. வெப்பம் ஏற ஏற வினை விரைகிறது. வினை விரைய விரைய வெப்பம் ஏறுகிறது. சில மணி நேரத்தில், வேலையாட்கள் வீடு திரும்பிய பிறகு, தீக்குச்சியோ மின்பொறியோ இன்றித் துணி கனன்று பற்றிக்கொள்ளலாம்.

இது ஏட்டுக் கதையன்று. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரில் ‘ஒன் மெரிடியன் பிளாசா’ என்ற 38 மாடிக் கட்டடத்தில், மரவேலைக்குப் பயன்படுத்திய ஆளிவிதை எண்ணெய்த் துணிகளை 22-ஆம் மாடியில் விட்டுச் சென்றிருந்தனர். 1991 பிப்ரவரி 23 இரவு அவை தாமே பற்றின. தீயணைக்கச் சென்ற வீரர்கள் மூவர் உயிரிழந்தனர். அக்கட்டடத்தை மீண்டும் பயன்படுத்தவே இயலவில்லை, பின்னர் இடித்துவிட்டனர். கைதுடைத்த துணிக்கு அவ்வளவு விலை.

தடுப்பது மிக எளிது. எண்ணெய், எண்ணெய் வார்னிஷ் தோய்ந்த துணிகளைக் குவிக்காமல், வெட்டவெளியில் ஒவ்வொன்றாக விரித்து முற்றிலும் காயவிட வேண்டும். காய்ந்து விறைத்துப்போன துணி தானே பற்றாது. அல்லது நீர் நிறைந்த, மூடியுள்ள தகர டின்னில் அமிழ்த்தி வைக்க வேண்டும். பஞ்சு மூட்டைகள் உள்ள கிடங்கில், நூல் படிந்த தையல் கூடத்தில், பெயின்ட் டப்பாவின் மேலேயே அத்துணியைச் சுருட்டி வைத்துவிட்டுப் போகும் வழக்கத்தை இன்றே விட்டுவிட வேண்டும்.

எங்கே வைப்பது? எதை வைக்கக் கூடாது?

எனாமலுக்கான டர்பென்டைனின் ஆவி, ஏறத்தாழ 30 முதல் 40 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் தீ பட்டால் பற்றும் அளவுக்குத் திரள்கிறது. குளிர்ந்த நாட்டில் இது ஓரளவு பாதுகாப்பான அளவு. திருப்பூரில் கோடைப் பகல் 38 டிகிரியைத் தொடுகிறது. தகரக் கூரையின் அடியில் அதற்கும் மேல். பாலிஷுக்கான தின்னரோ சாதாரண அறை வெப்பத்திலேயே பற்றும். இவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானதால் தரையோடு ஊர்ந்து சென்று தொலைவிலுள்ள அடுப்பையோ ஊதுவத்தியையோ தொட்டுவிடும். ஆகவே கூரையடிப் பரண் இவற்றுக்குத் தகுந்த இடமன்று. வெயில் படாத, காற்றோட்டமுள்ள, சமையலறைக்குத் தொலைவான, குழந்தை எட்டாத, பூட்டக்கூடிய அலமாரியே தக்கது. குளிர்ப்பெட்டியில் வைப்பதும் தவறு. அதில் உணவும் உண்டு. பொறி எழுப்பும் மின்பகுதிகளும் உண்டு.

சில டப்பாக்களைக் காக்கவே கூடாது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற மத்திய அரசின் விதி 2016-இல் வெளியாகி, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய எனாமல், குறிப்பாகப் பளிச்சிடும் மஞ்சளும் சிவப்பும், ஈயச் சேர்மத்தால் நிறம் பெற்றிருக்கக்கூடும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. தாத்தா காலத்து டப்பா நன்றாகவே இருக்கிறதென்று அதைத் தொட்டிலுக்கும் மரக்குதிரைக்கும் பூசக் கூடாது.

கெட்டுப்போனதைச் சாக்கடையில் ஊற்றுவதும் முறையன்று. சாக்கடை எங்கே போகிறது என்று திருப்பூர் மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நொய்யலில் கலந்த சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடியதையும் அவர்கள் கண்டவர்கள். எமல்ஷன் சிறிதளவே என்றால் மரத்தூளிலோ மணலிலோ கலந்து வெளியில் காயவைத்துக் கட்டியாக்கிவிடலாம். எனாமல், தின்னர் டப்பாக்களைக் குப்பையோடு கலக்காமல் தனியே ஒப்படைக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் பெயின்ட் டப்பாக்களை வீட்டு அபாயக் கழிவு என்றே வகைப்படுத்தின.

எல்லாவற்றிலும் சிறந்த பாதுகாப்பு, மிகுதியாக வாங்காமல் இருப்பது. ஒரு லிட்டர் எனாமல் ஒரு பூச்சுக்கு ஏறத்தாழ 10 சதுர மீட்டர் பரப்புக்கு வரும். கதவு ஜன்னல்களை அளந்து, இரு பூச்சுக்குக் கணக்கிட்டு வாங்கினால் மீதம் ஒரு சிறு ஜாடியளவே நிற்கும். அந்த ஜாடியை வாய்வரை நிரப்பி, இறுக மூடி, பெயரும் நாளும் எழுதி வையுங்கள். அடுத்த பொங்கலுக்கு ஜன்னல் ஓரத்தில் பெயர்ந்த இடத்துக்கு அதே ஷேடு காத்திருக்கும். இன்று மாலை பரணைத் திறந்து பார்க்கும்போது, டப்பாக்களைப் பார்ப்பதற்கு முன்னால், அவற்றின் இடுக்கில் சுருட்டி வைத்த எண்ணெய்த் துணி ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.